மாட்டை யார் பார்ப்பது?

கேள்வி: "இரண்டு கறவை மாடுகளும் ஒன்றரை ஏக்கர் தோட்டமும் வைத்திருக்கிறோம். கல்யாணமாகி 14 வருடங்களில் குடும்பத்தோடு ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியதில்லை. தண்ணீர், காடு என்று எங்காவது கூட்டிப்போகச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சனி, ஞாயிறு போய்வர இடம் உண்டா? போனால் மாடுகளை என்ன செய்வது?"
- வாசகி, ஈரோடு மாவட்டம்.

பதில்:

இடம் சொல்வது சுலபம். கோயம்புத்தூர் மாவட்டம் காரமடையில் இருந்து வெள்ளியங்காடு வழியாக மலைக்காட்டுக்குள் போனால் பரளிக்காடு வரும். பில்லூர் அணையின் நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் பழங்குடி கிராமம். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே சனி, ஞாயிறுகளில் பரிசல் சவாரி நடத்துகிறார்கள். ராத்திரி தங்குவதற்கு, இன்னும் உள்ளே பூச்சமரத்தூரில் பவானி ஆற்றோரம் குடில்கள் இருக்கின்றன. நினைத்த நேரத்தில் போய் இறங்க முடியாது. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

கஷ்டமானது கடைசிக் கேள்விதான். கவுந்தப்பாடி பக்கம் ஒரு விவசாயக் குடும்பம் இதே கேள்வியைச் சொல்லிச் சொல்லியே 16 வருடங்களை ஓட்டிவிட்டது. போன மாசியில்தான் பரளிக்காடு போய்வந்தார்கள். அவர்கள் செய்ததைச் சொன்னால் வாசகிக்கு உபயோகமாக இருக்கும்.

அவர்களுக்கு கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இரண்டேகால் ஏக்கர். மூன்று கலப்பின மாடுகள். கணவன், மனைவி, கல்லூரி போகும் மகள், பதினொன்றாவது படிக்கும் மகன், 73 வயது மாமியார். அந்த வீட்டுப் பெண்மணி கடைசியாக வெளியில் தங்கியது மகன் பிறந்தபோது, ஆஸ்பத்திரியில். அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூட காலைப் பால் கறந்துவிட்டுப் போய், பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டு, சாயங்காலப் பாலுக்குத் திரும்பியவர். மாடு வைத்திருக்கும் வீடுகளில் இதெல்லாம் ஒரு குறையாகவே யாரும் சொல்வதில்லை. அப்படித்தான் என்று பழகிவிட்டது.

பேச்சை ஆரம்பித்தது மகள். கூடப் படிக்கும் பெண் போய்வந்து படம் காட்டியிருக்கிறாள். வழக்கம்போல அப்பா, "மாட்ட யாரு பாக்கறது?" என்று முடித்துவிட்டார்.

"ஏனுங்க, ரெண்டு நாள்ல மாடு செத்தா போயிரும்?" என்று மனைவி கேட்டார்.

"சாவாது. பால் வத்தீரும்."

அதோடு போயிருக்கும். ஆனால், திண்ணையில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த மாமியார், "நானும் வர்றேன்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோயிலைத் தவிர எங்கேயும் போகணும் என்று கேட்டறியாதவர்.

"நம்ம வாய்க்கா தண்ணி எங்கிருந்து வருதுன்னு ஒருக்காப் பாக்கோணும்டா."

"பவானிசாகர் அணையத்தான் பாத்திருக்கியே ஆத்தா."

"அணையப் பாத்தேன். அதுக்கு மேல?"

மகனிடம் அதற்குப் பதில் இல்லை. கீழ்பவானி வாய்க்கால் வெட்டும்போது மாமியாரின் தாயார் அங்கே மண் சுமந்தவர். கைக்குழந்தையாக இருந்த இவரை வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்ததாகச் சொல்வாராம். அணை 1955-ல் முடிந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் சோறு அந்தத் தண்ணீர்தான். சுமார் 200 கிலோமீட்டர் நீளமான வாய்க்காலில் அவர் பார்த்திருந்தது தன் மதகும், அணையின் முகப்பும் மட்டும்.

தேதியை மாடுகள் முடிவு செய்தன

கீழ்பவானியில் மொத்தம் 2,07,000 ஏக்கர் பாசனம். அதைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்ட்டில் நன்செய்த் தண்ணீர், மறு பாதிக்கு ஜனவரியில் புன்செய்த் தண்ணீர் என்று விடுகிறார்கள். அடுத்த வருடம் இது மாறும். புன்செய் முறையில் தண்ணீர் தொடர்ந்து வராது. ஒரு நனைப்பு விட்டு, சில நாள் நிறுத்தி, மறுபடியும் விடுவார்கள். இவர்களுக்கு அந்த வருடம் புன்செய் முறை. நிலக்கடலை போட்டிருந்தார்கள். ஆகவே, ஒரு நனைப்பு முடிந்து வாய்க்கால் நின்ற வாரத்தில்தான் போக முடியும். தோட்டத்தில் தண்ணீர் பாயும்போது சம்சாரி ஊரில் இல்லை என்றால் அது பேச்சாகிவிடும்.

அடுத்தது மாட்டுக் கணக்கு. மூன்றில் ஒன்று ஏழு மாதச் சினை. கன்று ஈனுவதற்கு 2 மாதங்களுக்கு முன்பே கறவையை நிறுத்திவிட வேண்டும் என்பதால், அது பால் வற்ற வைத்திருந்த மாடு. இன்னொன்று சினை ஊசி போட்டு 10 நாள் ஆகியிருந்தது. சினை நிற்காவிட்டால் 21-ம் நாளை ஒட்டி மறுபடி பருவத்துக்கு வரும். அந்த நாள்களில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் ஒரு பருவம் வீண். மூன்றாவது கன்று ஈன்று நான்கு மாதம் ஆகி, சீராகக் கறந்துகொண்டிருந்தது. கணவர் நாள்காட்டியை எடுத்து இதையெல்லாம் குறித்துப் பார்த்தபோது, நடுவில் ஒரே ஒரு சனி, ஞாயிறு மிஞ்சியது. மகள் அன்றைக்கே முன்பதிவு செய்துவிட்டாள். அப்பா மனசு மாறுவதற்குள் என்று அவளுக்கு அவசரம்.

இனி ஆள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு அக்கா. அவரிடம் ஓர் எருமையும் ஒரு மாடும் உண்டு. 'நான் உங்களுதைப் பாக்கறேன், நீங்க எங்கயாச்சும் போனா நாங்க உங்களுதைப் பாக்கறோம்' என்று கைமாற்றாகப் பேசிக்கொண்டார்கள். கூலி கிடையாது. கூலிக்கு ஆள் வைத்தால், மாடு உதைத்ததும் பாதியில் போய்விடலாம். கைமாற்றுக்கு வந்தவர் அப்படிப் போகமாட்டார். தன் மாட்டுக்கும் நாளை இவர்கள்தானே வர வேண்டும்?

அந்த அக்கா சனிக்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வந்துவிட்டார். அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். புதன்கிழமை இரண்டு காம்பு அவர், இரண்டு காம்பு இவர். வியாழன் காலை அவர் மட்டும் உட்கார்ந்தபோது மாடு எட்டி உதைத்து, வாளி உருண்டது. வெள்ளி சாயங்காலம் தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசாமல் தட்டு மென்றது. இந்த நாலு நாள்தான் முக்கியம். மாடு பயந்தால் பால் இறங்காது. மடியைக் கழுவித் தடவியதும் உடம்பில் ஒரு சுரப்பு வந்து பாலை இறக்கிவிடுகிறது. அது சில நிமிடங்களுக்குத்தான் வேலை செய்யும். புது ஆள், புது வாசனை, அதட்டல் என்று மிரண்டால் அந்தச் சுரப்பு தடைப்பட்டுப் பால் மடியிலேயே தங்கும். தங்கிய பால் மடிநோயைக் கொண்டுவரும். போவதற்கு முன்தினம் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, 'நாளைக்கு நீ கறந்துரு' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், திரும்பி வந்து புலம்புவது இதனால்தான்.

கட்டுத்தரைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார்கள். எந்த மாட்டுக்கு எவ்வளவு தீவனம், எத்தனை கட்டு தட்டு, எந்த மாடு எந்த நேரம். சினை மாட்டைத் தனியாகக் கட்ட வேண்டும் என்று ஒரு வரி. கால்நடை மருத்துவரின் எண் பெரிய எழுத்தில். கறக்கும்போது முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரி. "எனக்கே பாடமா?" என்று அந்த அக்கா சிரித்தாராம். சொசைட்டி அட்டை அவர் மகனிடம் போனது.

ஆற்றங்கரையில்

சனிக்கிழமை அதிகாலை கறவை முடித்துவிட்டு, மைத்துனரின் ஆம்னி வேனில் கிளம்பினார்கள். சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், காரமடை. காரமடை தாண்டினால் கறிவேப்பிலைத் தோட்டங்கள். கணவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் விலை விசாரிக்கப் போய்விட்டார். சம்சாரியைச் சுற்றுலா கூட்டிப்போனால் இப்படித்தான். வெள்ளியங்காட்டைத் தாண்டியதும் செல்போன் சிக்னல் போனது. அதுவரை அரை மணிக்கு ஒருதரம் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தவர், போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்க்க ஆரம்பித்தார்.

பரளிக்காட்டில் சுற்றிலும் மலை. நடுவில் அசையாத பச்சைத் தண்ணீர். பரிசலில் ஏறுவதற்கு முன் எல்லோருக்கும் மிதவை உடுப்பு மாட்டிவிட்டார்கள். மாமியாருக்குச் சேலைக்கு மேலே அதைக் கட்டியபோது மகனும் மகளும் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார். கரையில் நின்ற இரண்டு பெண்கள் கைபிடித்து ஏற்றினார்கள். பரிசலில் எழுந்து நிற்கக்கூடாது, எல்லோரும் ஒரு பக்கமாகச் சாயக்கூடாது. துடுப்பு ஒன்றுதான். தெரியாதவர் போட்டால் பரிசல் நகராது, சுற்றும். பேரன் வாங்கிப் போட்டுப் பார்த்தான். சுற்றியது.

பரிசல்காரர் இருளர். மாமியார் கேட்ட கேள்விக்கு அவர்தான் பதில் சொன்னார். பவானி நீலகிரி மலையில் பிறந்து, கேரளாவுக்குள் போய், அட்டப்பாடி வழியாகத் திரும்பித் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. இங்கே பில்லூரில் நிறுத்தி மின்சாரம் எடுக்கிறார்கள். கோயம்புத்தூருக்குக் குடிநீரும் இங்கிருந்து போகிறது. மிச்சம் மேட்டுப்பாளையம் வழியாக பவானிசாகர்.

"அப்பறம் நம்ம மதகு" என்றார் மாமியார்.

அவர் தண்ணீரில் கைவிட்டார். "கைய உள்ள வைங்க ஆத்தா" என்று பரிசல்காரர் சொல்லியும் கொஞ்சநேரம் எடுக்கவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. "சில்லுனு இருக்குது. நம்ம ஊருக்கு வர்றதுக்குள்ள சூடாயிருது" என்று மட்டும் சொன்னார்.

எதிர்க்கரையில் மான் கூட்டம் தண்ணீர் குடித்தது. யானையும் வரும் என்று காத்திருந்தார்கள், அன்றைக்கு வரவில்லை. பரிசல்காரருக்கு ராகிக் காடு உண்டாம். கதிர் பிடித்தால் அறுக்கும் வரை ராத்திரி பரண் மேல்தான் படுக்கை. "ஊருக்குப் போயி ஒரு ராத்திரி தங்க முடியாதுங்க" என்றார். அந்த வீட்டுப் பெண்மணி, "எங்களுக்கு மாடு, உங்களுக்கு யானை" என்றார். "உங்க மாட்ட யாரு பாக்கறாங்க?" என்று பரிசல்காரர் கேட்க, பரிசலே ஆடும்படி எல்லோரும் சிரித்தார்கள்.

மதியச் சாப்பாட்டை ஊர்ப் பெண்களே சமைத்து மரத்தடியில் போடுகிறார்கள். கோழிக்குழம்பு, களி, தயிர்சோறு. யாரோ சமைத்து, யாரோ பரிமாற உட்கார்ந்து சாப்பிடுவது தனக்குக் கூச்சமாக இருந்ததாக மனைவி பிறகு சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் பழக்க தோஷத்தில் பாத்திரத்தை எடுக்கப் போயிருக்கிறார். அந்தப் பெண்கள் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள்.

பூச்சமரத்தூர் குடிலில் ராத்திரி குளிர் இருந்தது. இருட்டிய பிறகு வெளியே வரக்கூடாது என்று வனத்துறை ஊழியர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆற்றுச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பிள்ளைகள் பேசிப் பேசித் தூங்கிப்போனார்கள். விடிகாலை 4 மணிக்கு மனைவிக்கு முழிப்பு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தவருக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கறக்க மாடில்லை, அடுப்பில்லை, வாசல் தெளிக்க வேண்டியதில்லை. பார்த்தால், கணவரும் முழித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"இந்நேரம் அக்கா வந்திருக்கும்" என்றார் அவர்.

"வந்திருக்குமுங்க."

ஜன்னல் வழியாக ஆறு வெளுக்கிற வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாட்டைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை. மகளை மேலே படிக்க வைப்பதா, நகைக்கடனை எப்போது அடைப்பது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் எப்போது என்று, வீட்டில் பேச நேரம் கிடைக்காத விஷயங்கள். எதற்கும் முடிவு வரவில்லை. கண் ஆபரேஷனுக்கு மட்டும் சித்திரை என்று பேசி முடித்தார்கள்.

காலையில் ஆற்றோரம் கொஞ்ச தூரம் நடை. குடில்களைச் சுற்றிச் சுற்றி வந்த மகன், "நம்ம தோட்டத்துலயும் இதே மாதிரி நாலு குடில் போட்டா காசு வருமல்லப்பா?" என்றான். "மாட்ட விட்டுட்டு வர்றதுக்கே பதினாறு வருசமாச்சு. வர்றவங்களுக்கு யாருடா சோறாக்கறது?" என்றார் அப்பா. பையன் விடுவதாக இல்லை. அது வேறு கதை.

திரும்பும் வழியில் பவானிசாகர் அணைப் பூங்காவில் இறங்கி மீன் வறுவல் சாப்பிட்டார்கள். வாய்க்கால் அடைத்திருந்தது. சாயங்காலக் கறவைக்குக் கட்டுத்தரையில் இருந்தார்கள்.

பால் குறைந்ததா?

குறைந்தது. நாளைக்கு 12 லிட்டர் கொடுத்த மாடு ஞாயிற்றுக்கிழமை பத்தரைதான் கொடுத்தது. கணவருக்கு முகம் சுண்டிவிட்டது. திங்கள் 11, புதன்கிழமை பழையபடி 12. மூன்று நாளில் மொத்தம் சில லிட்டர் நஷ்டம். மாமியார்தான், "நீ ஒரு நா காச்சல்ல படுத்தப்பவும் இம்புட்டுக் கொறஞ்சுது" என்று ஞாபகப்படுத்தினார்.

கேள்வி கேட்ட வாசகிக்கு இன்னும் சில விஷயங்கள். கன்று ஈனும் தேதிக்கு இரண்டு வாரம் முன்னும் பின்னும் எங்கேயும் கிளம்ப வேண்டாம். அந்த நேரத்தில் பால் காய்ச்சல், நஞ்சுக்கொடி விழாமல் நிற்பது என்று எது வந்தாலும், மாட்டைத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். புதுத் தீவனத்தை அந்த வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். கைமாற்றுக்கு வருகிறவர் உங்கள் நேரத்துக்கே கறக்க வேண்டும். தன் மாட்டை முடித்துவிட்டு 8 மணிக்கு வருகிறேன் என்றால் ஒத்துவராது.

போகிற இடத்தில், அனுமதி இல்லாத கரையில் குளிக்க இறங்காதீர்கள். பில்லூருக்குக் கீழே, மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் முழங்கால் அளவுதான் தண்ணீர் போகிறது என்று பிள்ளைகளை இறக்கிவிடுகிறார்கள். மேலே மின்சாரத்துக்கோ உபரியாகவோ தண்ணீர் திறந்தால், மழையே இல்லாத நாளிலும் ஆறு திடீரென்று ஏறும். பாறையில் உட்கார்ந்திருந்தவர்கள் கரைக்கு வர நேரமில்லாமல் போன சம்பவங்கள் அங்கே உண்டு. மழைக்காலத்தில் அணை 100 அடிக்கு நெருங்கிவிட்டால் கரையோரமே போகக்கூடாது. பரிசல் சவாரியையும் அப்போது நிறுத்திவிடுவார்கள். ஆகவே, கிளம்புவதற்கு முன் வனத்துறையிடம் சவாரியும் குடிலும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மாத்திரையைக் கூடுதலாக இரண்டு நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் மருந்துக்கடை கிடையாது. பிளாஸ்டிக் கொண்டுபோகக்கூடாது. டார்ச் லைட் அவசியம்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா சித்திரையில், பழனியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு இரண்டு நாள் போனார். மூன்று நாள் முன்னதாகவே இந்த வீட்டுப் பெண்மணி அவர் கட்டுத்தரைக்குப் போய் உட்கார்ந்தார். மாடு ஒன்றும் சொல்லவில்லை. எருமை முதல் நாளே வாளியை உதைத்துத் தள்ளியது. "நா உன்ற மாட்டுக்கிட்ட வாங்குனதுக்கு இது சரியாப் போச்சு" என்றாராம் அக்கா.